அட்டைத் துண்டு

ஒத்தக்கடையில் என் கடை முன்னால் வந்து நின்ற வீரணன்
தோளில் பிய்ந்த ஹோஸைப் போட்டிருந்தான்,
அடித்த சாரைப்பாம்பைத் தூக்கி வந்தவன் மாதிரி.
சட்டையெல்லாம் எண்ணெய்.
"இதே அளவுல ஒண்ணு, அமலிக்கா. வெல கொறஞ்சதா."

விலையைச் சொல்லவில்லை நான்.
எந்த வண்டி, பூமிலா பக்கெட்டிலா,
எண்ணெய் எவ்வளவு சுடும்,
எங்கே வளைகிறது, எதில் உரசுகிறது
என்று கேட்டுக்கொண்டே போனேன்.
"பொண்ணு எடுக்க வந்தவுக கூட
இம்புட்டுக் கேக்க மாட்டாகக்கா."

கேட்கத்தான் வேண்டும்.
ரப்பருக்குள் கம்பிப் பின்னல் ஒன்றா இரண்டா என்று
மேல்தோல் சொல்லாது.
முதுகில் ஓடும் எழுத்தைத் துணியால் துடைத்தேன்.
அரை இஞ்ச். 275 பார்.
ஏழு வருஷத்துக்கு முந்தைய தேதி.
எழுத்துவரி நேராக இல்லை,
பந்தல் காலில் ஏறிய பீர்க்கங்கொடி போலச்
சுற்றிச் சுற்றிப் போயிருந்தது.
முறுக்கி மாட்டியிருக்கிறார்கள்.
முறுகியே கிடந்ததில்
கழற்றிய பிறகும் அதற்கு நிமிரத் தெரியவில்லை.

நடுவில் சைக்கிள் டியூப் சுற்றிக்
கட்டுக்கம்பி போட்டிருந்தது.
கட்டியவன் கெட்டிக்காரன்.
எண்ணெய் அவனைவிடக் கெட்டிக்காரி.

யானைமலை மேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.
ரெட்டைப் பின்னலில் புதுசு எடுத்தேன்.
"ஒரு முனையப் பிடி."
நாலு விரற்கடை கூட வைத்து அளந்தேன்;
அழுத்தம் ஏறினால் ஹோஸ் குறுகும்,
விறைப்பாகப் பூட்டினால் கழுத்தில் அறும்.
அப்போதுதான் பார்த்தேன்,
அவன் பிடியில் மோதிரவிரல் மட்டும் மடங்கவில்லை.

"என்னதுடா அது?"
"ஒண்ணுமில்ல. எங்கிட்டு ஒழுகுதுன்னு தடவிப் பாத்தேன்.
முள்ளு குத்துனாப்ல சுருக்குன்னுச்சு.
வலியே இல்லக்கா."

ஒரு புள்ளி. ரத்தம் இல்லை.
வெளுத்து, லேசாக உப்பி,
ஊறப்போட்ட மொச்சை மாதிரி.
வலியே இல்லை என்றானே,
அதில்தான் எனக்கு வயிறு கலங்கியது.

"எப்ப?"
"மத்தியானச் சோத்துக்கு முன்னாடி."

ஷட்டரை இழுத்தேன்.
"ஹோஸ மாட்டிட்டுப் போறேனே.
கான்ட்ராக்டர் மணிக்கணக்குப் பாப்பாரு."
"என் மெஷின் ஹோஸுக்குத்தான் காப்புப் போடும்.
விரலுக்குப் போடாது. ஏறு வண்டில."

மாட்டுத்தாவணி சிக்னலில்
"மரத்துப்போன மாரி இருக்குக்கா" என்றான்.
பச்சை விழும் முன்பே முறுக்கினேன்.

பெரியாஸ்பத்திரியில் அந்தச் சின்ன டாக்டர்
விரலைத் திருப்பிப் பார்த்து
டிடி ஊசி எழுதப் போனார்.
"முள்ளு இல்லங்க. எண்ணெ. உள்ள போயிருக்கு."
பழைய ஹோஸை மேசைமேல் வைத்து
எழுத்து இருக்கும் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.
படித்தார்.
பேனாவை மூடினார்.
போனை எடுத்தார்.

விரலிலிருந்து உள்ளங்கை வரை திறந்து
கழுவினார்களாம், ரெண்டு தரம்.
விரல் தப்பியது. மேல் கணு மட்டும் மடங்காது.

மறுநாள் கான்ட்ராக்டர் ஆள் ஹோஸுக்கு வந்தான்.
ஐம்பது ரூபாய் குறைக்கச் சொன்னான்.
கேரன்டி கேட்டான்.
விரலைக் கேட்கவில்லை.

வெட்டிய தூளை ஊதி வெளியேற்றி
ரெண்டு முனைக்கும் மூடி போட்டுக் கொடுத்தேன்.
வண்டிய அமத்து, பக்கெட்டத் தரையில ஊனு,
லிவர ரெண்டு தரம் ஆட்டு,
பெறகு நட்டத் தொடு என்றேன்.
போனில் யாரிடமோ பேசிக்கொண்டே தலையாட்டினான்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு ஹோஸோடும்
பிஸ்கட் பெட்டி அட்டையில் ஒரு துண்டு வெட்டித் தருகிறேன்.
ஒழுக்கைத் தேட இது.
எட்ட நின்று, கையை நீட்டாமல்,
கம்பில் செருகி இதை நீட்டு;
நனைந்தால் அங்கே ஓட்டை.
ஓசி என்பதால் வாங்கிக்கொள்கிறார்கள்.

கீழவளவுப் பக்கம் போனபோது பார்த்தேன்.
கேபினுக்குள் ஒருவன்
என் அட்டையை வைத்து விசிறிக்கொண்டிருந்தான்.
சரி, விசிறட்டும்.
அவ்வளவு நேரமாவது
ஒரு கை அங்கேயே இருக்கும்.